லேடாங் மலைக்கு முழம் போட்டது யார்?



தங்காக் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேடாங் மலையைப் பற்றி நாம் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. லயத்து வாசலில் நின்று முகம் கழுவும்போதே கண்ணில் படுகிற மலை அது. உச்சியில் மேகம் கவிந்து கிடந்தால், 'இன்றைக்குப் பால்வெட்டு இல்லை' என்று பெரட்டுக்குப் போகுமுன்பே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பல நாள் அது பலித்தும் இருக்கிறது.

திருவிழாவுக்குக் குளுவாங்கிலிருந்து உறவினர் வந்தால் பிள்ளைகளாகிய எங்களுக்குள் ஒரு வழக்கு எழும். 'உங்கள் மலை பெரிதா, எங்கள் பெலுமுட் மலை பெரிதா?' அவரவர் ஊர் மலையை அவரவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருமுறை இந்த வழக்கு கிராணியார் வீடு வரைக்கும் போயிற்று. அவர் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்து, லேடாங் நாலாயிரத்துச் சொச்சம் அடி, பெலுமுட் மூவாயிரத்துச் சொச்சம் அடி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெற்றியோடு திரும்பி வந்து பாட்டியிடம் சொன்னோம். பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே, 'அது சரி, மலைக்கு எவன் முழம் போட்டான்?' என்று கேட்டார்.

அன்று எங்களிடம் விடை இல்லை. இன்றைய உரை அந்தப் பாட்டிக்குச் சொல்லவேண்டிய விடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். மலாய் மொழியில் 'குனோங்' என்றால் மலை, 'புக்கிட்' என்றால் குன்று. பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் குளுவாங் நகரை ஒட்டி நிற்கும் குனோங் லம்பாக் 510 மீட்டர்தான். தைப்பிங்கில் இருக்கும் புக்கிட் லாருட்டோ ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. குன்று என்று பெயர் பெற்றது, மலை என்று பெயர் பெற்றதைக் குனிந்து பார்க்கிறது! நம் தமிழிலும் இதே கதைதான். சென்னைக்கு அருகில் இருக்கும் பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரமே உள்ள ஒரு சிறு குன்று. இருந்தாலும் யாரும் அதைப் பரங்கிக்குன்று என்று அழைப்பதில்லை. ஊரார் பெயர் வைக்கும்போது அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் சமவெளியாக இருந்தால் சிறு மேடுகூட மலையாகத் தோன்றும். இதில் ஒரு நியாயமும் உண்டு, அதைப் பிறகு சொல்வோம்.

பரங்கிமலையைச் சொன்னது வெறும் உதாரணத்துக்காக அன்று. மலைக்கு முழம் போட்ட கதை, நம் முன்னோரைப் பொறுத்தவரை, அங்கேதான் தொடங்குகிறது.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். தூரம் ஏழரை மைல். இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். லாம்டனின் ஆட்களுக்கு 57 நாள் பிடித்தது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று. அதை அப்படியே தரையில் போட்டு இழுத்தால் வளையும், தொய்யும், வெயிலில் நீளும். ஆகவே மரப்பெட்டிகளுக்குள் அதைக் கிடத்தி, பெட்டிகளைக் கால்கள் மீது மட்டமாக நிறுத்தி, வெப்பமானி வைத்துச் சூட்டையும் குறித்துக்கொண்டு, நானூறு முறை நகர்த்தி நகர்த்தி அளந்தார்கள். கடைசியில் வந்த கணக்கு 40,006 அடியும் சில அங்குலங்களும். சித்திரை வைகாசி வெயிலில், அந்தத் திறந்த வெளியில், சங்கிலியைத் தூக்கி வைத்தவர்கள் யார் என்று கேட்டால் வரலாற்று நூல்கள் அதிகமாக ஒன்றும் சொல்லுவதில்லை. அந்தப் பக்கத்து மக்களாகிய நம்மவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

ஏன் இத்தனை பாடு? ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். இது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு. அந்த முதல் பக்கத்தைத்தான் லாம்டன் சங்கிலியால் அளந்தார். பிறகு சங்கிலி வேண்டியதில்லை. குன்றுக்குக் குன்று ஏறி, கோணம் பார்த்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே நாடு முழுவதும் போகலாம். கோணம் பார்க்க அவர் வைத்திருந்த 'தியோடலைட்' என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடை. அது இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் அகப்பட்டு, மொரீஷஸ் தீவு வரை போய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்டது. அதன் கெட்ட காலம் அத்தோடு முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் குன்றே கிடையாது, எங்கும் வயலும் தென்னையுமே. பார்வைக்கு உயரமான இடம் கோயில்தான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, வாரக்கணக்கில் தாமே தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார்.

அவர் கணக்கு ஒரு வேடிக்கையையும் செய்தது. சென்னைக் கரையிலிருந்து மங்களூர்க் கரை வரை பழைய வரைபடங்கள் காட்டிய அகலத்தைவிட உண்மை அகலம் ஏறத்தாழ நாற்பது மைல் குறைவு என்று தெரிந்தது. அத்தனை நிலம் ஒரே கணக்கில் காணாமல் போயிற்று!

1823-இல் லாம்டன் பணியிலிருக்கும்போதே இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் பெயரைத்தான் பிறகு உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சூட்டினார்கள். அச்சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். நமக்கு இங்கே வேண்டியது மலை அன்று, எவரெஸ்ட் விட்டுப்போன ஓர் எண். பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதை இந்தியாவில் அளந்த அளவுகளைக் கொண்டு எவரெஸ்ட் 1830-இல் கணக்கிட்டார். மலாயாவின் வரைபடங்களுக்கும் அந்த எவரெஸ்ட் கணக்கே, சிறு திருத்தங்களோடு, அடித்தளமாயிற்று. 1948-இல் தீபகற்பம் முழுவதற்கும் முக்கோணங்களைத் திருத்தி அமைத்தபோது, பகாங்கிலுள்ள கெர்த்தாவ் குன்றைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள். பூமியின் உருவத்துக்கு அப்போதும் எவரெஸ்ட்டின் எண்ணே. 2003-இல் செயற்கைக்கோளை அடிப்படையாகக் கொண்ட புதிய முறை நடைமுறைக்கு வரும்வரை அதுவே நிலைத்திருந்தது. ஆக, கிராணியார் வீட்டு வரைபடத்துக்கும் பரங்கிமலை வெயிலில் சங்கிலி தூக்கியவர்களுக்கும் உறவு உண்டு.

இனி ஜொகூருக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜொகூரில் சாலை என்று சொல்லத் தக்கது அரிது. ஆறுகளே வழி. ஆற்றங்கரைகளில் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். எந்த ஆறு எங்கே தோன்றி எங்கே சேருகிறது, அதன் இரு பக்கத்து நிலம் யாருடையது என்று தெரியாமல் அரசுக்கு வரி வாங்க வழியில்லை. எல்லைத் தகராறும் இருந்தது. பகாங்குக்கும் ஜொகூருக்கும் நடுவே எண்டாவ் ஆறே எல்லை என்று 1868-இல்தான் முடிவாயிற்று. லேடாங் மலை நிற்கும் மூவார்ப் பகுதி 1877-க்குப் பிறகே ஜொகூர் ஆட்சியில் சேர்ந்தது. மலையை அளப்பது வேடிக்கைக்கான வேலையாக இருக்கவில்லை. மலையுச்சி ஒரு முளைக்கல். அங்கிருந்து பார்த்தால்தான் ஆறும் எல்லையும் தெரியும்.

மேல்நாட்டார் லேடாங்கை 'ஓஃபிர்' என்று அழைத்தார்கள். அவர்களுடைய வேதத்தில் பொன் விளையும் நாட்டுக்கு அந்தப் பெயர். 1854-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் மலாக்காவிலிருந்து இங்கே வந்து உச்சிவரை ஏறினார். உயிர்கள் எப்படி மாறி வளர்கின்றன என்பதை டார்வினுக்கு இணையாகச் சிந்தித்தவர் அவர். வழியில் பாறைவெளியில் தாகம் எடுத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. குடுவை போன்ற இலையுடைய செடிகளில் தேங்கியிருந்த நீரை, பூச்சிகள் மிதந்தாலும், குடித்துத் தாகம் தணித்தார்களாம். மலாய்க்காரர்கள் அந்தச் செடியைப் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை, என்கிறார்கள். இன்றும் அந்த மலையில் அது உண்டு. வாலஸ் கையில் காற்றழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவி இருந்தது. அதைக் கொண்டே ஏறிய உயரத்தை மதிப்பிட்டார்.

பெலுமுட் மலைக்கு அதிகாரி ஹார்வி என்பவர் சென்ற பயணக் குறிப்பு 1879-இல் அச்சேறியது. ஆனால் ஜொகூரை அளந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. முகமது சாலே பின் பெராங் என்ற மலாய் அதிகாரியை நாம் மறக்கலாகாது. 'டத்தோ பெந்தாரா லுவார்' என்ற பட்டம் பெற்றவர். நில அளவையைக் கற்று, காடும் ஆறும் அலைந்து, ஜொகூருக்கு வரைபடம் தயாரித்தவர் இவர். பத்து பகாட் நகரம் உருவானதிலும் இவர் பங்கு பெரிது. தம் வாழ்க்கையைத் தாமே எழுதியும் வைத்தார். ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் நூலகம் நிறைய இருக்கின்றன. அளந்த மண்ணின் மைந்தர் ஒருவர் எழுதியது கிடைப்பது அரிது. நம் பிள்ளைகள் பள்ளியில் இவர் பெயரைத் தெரிந்துகொண்டால் நல்லது என்பது நம் எண்ணம்.

1885-இல், அபு பாக்கார் சுல்தானாக அங்கீகாரம் பெற்ற அதே ஆண்டில், ஜொகூரில் நில அளவைத் துறை அமைந்தது. இன்றைய மலேசிய நில அளவைத் துறை தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. அதே 1885-இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க அளவையாளர் மலைநாட்டில் ஒரு மேட்டுச் சமவெளியைக் கண்டார். ஆனால் கண்ட இடத்தை வரைபடத்தில் சரிவரக் குறிக்காமல் போனதால், அது எங்கே என்று பிறகு வந்தவர்கள் பல ஆண்டு தேட நேர்ந்தது. அதுதான் கேமரன் மலை. கண்ணால் கண்டால் போதாது, முக்கோணத்துக்குள் கொண்டுவந்தால்தான் இடம் நிலைக்கும்!

சுல்தானிடம் பணியாற்றிய ஹாரி லேக் என்ற பொறியியலாளரும் கெல்சால் என்ற இராணுவ அதிகாரியும் எண்டாவ் ஆற்று முகத்திலிருந்து செம்புரோங் ஆறு வழியாக பத்து பகாட் வரை, அதாவது கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை, ஜொகூரைக் குறுக்கே கடந்தார்கள். அந்தக் குறிப்பு 1894-இல் வெளிவந்தது. வழிகாட்டியவர்கள் ஜக்குன் மக்கள். காட்டில் கற்பூரம் தேடும் காலத்தில் அந்த மக்கள் அன்றாடப் பேச்சை விட்டுவிட்டு, அதற்கென்றே உள்ள தனிச் சொற்களைப் பேசுவார்கள். வழக்கமான சொல்லைச் சொன்னால் மரத்தில் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. லேக்கும் கெல்சாலும் அந்தச் சொற்களையும் எழுதிவைத்தார்கள். மலையை அளக்கப் போனவர்கள் ஒரு மொழியையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லலாம்.

சரி, உயரத்தை எப்படித்தான் அளந்தார்கள்?

எளிய வழி, உச்சியில் தண்ணீரைக் கொதிக்க வைப்பது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். லேடாங் உச்சியில் தண்ணீர் நான்கு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார்களைக் கேட்டால், உலை சீக்கிரம் கொதிக்கும், சோறு மட்டும் வேக நேரமாகும் என்பார்கள். அளவையாளரின் கருவியும் அந்த உலைப்பானையும் ஒன்றுதான். ஆனால் மழைக்காற்று வந்தாலும் அழுத்தம் மாறும், உயரமும் மாறியதுபோலக் காட்டும். எனவே இது மதிப்பீடே.

அடுத்த வழி, தூரத்திலிருந்து கோணம் பார்ப்பது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நின்று லேடாங்கைப் பார்த்தால், தரைமட்டத்துக்கு மேலே இரண்டு டிகிரிகூட இராது. அதிலும் பூமியின் வளைவு குறுக்கே நின்று, மலையின் அடியில் ஏறத்தாழ 125 மீட்டரை மறைத்துவிடும். காற்றில் வளைந்து வரும் ஒளி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால்தான் உயரம் வரும். எவரெஸ்ட்டின் எண் இங்கேதான் உதவுகிறது.

மிகத் துல்லியமான வழி மிக மெதுவான வழி. கடற்கரையில் தொடங்கி, மட்டக்கருவியையும் அளவுக்கோலையும் நட்டு நட்டு, சாலையோரமாக அடிமேல் அடியாக ஏறி வருவது. தோட்டத்தில் வாய்க்கால் மட்டம் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

இங்கே ஒரு கேள்வி. கடலில் தொடங்குவது என்றால், எந்தக் கடலில்? காலையில் ஏறி மாலையில் வடியும் கடலுக்கு எது மட்டம்? 1911 செப்டம்பர் தொடங்கி 1912 மே வரை, 'வாட்டர்விட்ச்' என்ற கப்பல், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தைக் குறித்தது. அந்தச் சராசரியே பல ஆண்டுகள் தீபகற்பத்துக்கு அடிமட்டமாக இருந்தது. சில மாதக் கணக்கு போதாது என்று, 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அதே கிள்ளான் துறைமுகத்தில் அளந்து புதிய மட்டம் கண்டார்கள். லேடாங் 1,276 மீட்டர் என்று நாம் சொல்லும்போது, பல மைல் வடக்கே கிள்ளானில் அலையடிக்கும் கடலிலிருந்து எண்ணுகிறோம். இன்று கைத்தொலைபேசி காட்டும் உயரம் சில மீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் பிள்ளைகள் திகைக்க வேண்டாம். செயற்கைக்கோள் கடலிலிருந்து எண்ணுவதில்லை, பூமியின் கணக்கு உருவத்திலிருந்து எண்ணுகிறது. அதைக் கடல்மட்டத்துக்கு மாற்றுவதில் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு.

சொல்ல எளிது. செய்தவர்கள் பாடு வேறு. உச்சியில் நின்றாலும் காட்டு மரம் மறைத்தால் அடுத்த உச்சி தெரியாது. மரம் வெட்டிப் பார்வைக்கு வழி திறக்க வேண்டும். மலாயில் இதை 'ரெந்திஸ்' என்பார்கள். அட்டைக்கடி, மலைக் காய்ச்சல், சதுப்பு, புலி பயம், இவற்றுக்கு நடுவே சில அடி அகலத்துக்குக் காட்டைக் கீறிக்கொண்டே போக வேண்டும். கருவியைச் சுமக்க வேண்டும், சிமெண்டும் மணலும் உச்சிக்கு ஏற்றி அடையாளக் கல் நட வேண்டும். இந்தியாவில் எவரெஸ்ட்டின் கூட்டத்தில் ஒரே காட்டில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காய்ச்சலில் விழுந்து, பலர் மாண்டார்கள். இங்கேயும் காட்டில் வேலை செய்தவர்கள் சுகமாகத் திரும்பினார்கள் என்று நம்ப இடமில்லை. அறிக்கையில் அதிகாரியின் பெயர் இருக்கும். கத்தி பிடித்தவன் பெயர் 'கூலிகள் பன்னிருவர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நம் தோட்டங்களும் இப்படித்தான் பிறந்தன. காடு அழியுமுன் சங்கிலி வந்தது. 66 அடிச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் தாத்தாக்கள் பால்வெட்டிய நிரைகளும், பிள்ளைகள் இன்று செம்பனைக் குலை தள்ளும் சரிவுகளும் யாரோ சங்கிலி பிடித்துக் கோடு போட்ட நிலங்கள். மேட்டுக்காட்டில் சரிவைச் சுற்றி மட்டம் பார்த்துப் படி வெட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரே உயரத்தில் சுற்றிச் செல்லும் அந்தப் படியும், வரைபடத்தில் மலையைச் சுற்றி வளையமாக வரையும் கோடும் ஒன்றே. வரைபடம் படிக்கத் தெரியாது என்று சொல்லும் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், அந்தக் கோடுகள் மேல்தான் நாற்பது ஆண்டு நடந்திருப்பார்.

இனிப் பிள்ளைகளின் வழக்குக்குத் திரும்புவோம். லேடாங் 1,276 மீட்டர், பெலுமுட் 1,010 மீட்டர். எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குள் குனோங் பெசார் 1,036 மீட்டர். கோத்தா திங்கி, பொந்தியான் பக்கத்து மலைகள் இவற்றைவிடச் சிறியவை. புலாய் மலை 654 மீட்டர். உயரத்தில் லேடாங்குக்கு ஜொகூரில் போட்டி இல்லை. நாடு முழுவதற்கும் என்று பார்த்தால் கதை மாறுகிறது. தீபகற்பத்தில் மிக உயர்ந்தது தாஹான், 2,187 மீட்டர். அடுத்தது கொர்பு, 2,183. வித்தியாசம் நான்கு மீட்டர், ஒரு செம்பனை மரத்தின் உயரம்கூட இல்லை. முதலிடம் எது, இரண்டாமிடம் எது என்பதை இந்த நான்கு மீட்டர்தான் முடிவு செய்கிறது. அடிமட்டக் கடலைச் சரியாகக் கண்டுபிடிக்க ஏன் பத்தாண்டு செலவிட்டார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஆனால் உயரம் ஒன்றே மலையின் பெருமை ஆகுமா? கொர்பு போன்ற பெரிய மலைகள் மலைத்தொடருக்குள் மற்ற மலைகளின் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. லேடாங் தனியே நிற்கிறது. இந்தத் தனிமையையும் அளக்க ஒரு வழி உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் ஏற ஏற, மேடுகள் ஒவ்வொன்றாகத் தீவாயின. பக்கத்து மேட்டுக்கு நடந்து போகும் கடைசித் தாழ்வான வழியும் முழுகிய கணத்தில், நாம் நின்ற மேடு தனித் தீவு. அப்போது நம் காலடி நீருக்கு மேல் எவ்வளவு உயரமோ, அதுவே அந்த மேட்டின் தனி எழுச்சி. மலைக்கும் இப்படியே. தன்னைவிட உயர்ந்த மற்றொரு மலைக்குப் போகும் வழியில் மிகத் தாழ்ந்த கணவாய் எதுவோ, அதிலிருந்து உச்சி வரை எண்ண வேண்டும்.

இந்தக் கணக்கில் லேடாங் மிகப் பெரிய மலை. அதற்கும் தம்பின் பக்கத்து மலைகளுக்கும் இடையே கிடப்பது தாழ்ந்த நிலமே. எனவே அதன் தனி எழுச்சி ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மலையேறுகிறவர்கள் ஆயிரம் மீட்டர் தனி எழுச்சி உடைய மலைகளை 'ரிபு' என்று வகைப்படுத்துகிறார்கள். ரிபு என்றால் மலாயில் ஆயிரம். லேடாங் அந்த வரிசையில் உண்டு. கெடாவின் ஜெராய் மலையும் உண்டு. பெலுமுட்? அது 1,010 மீட்டர். கணவாய் பத்து மீட்டருக்கும் தாழ்வாக இருந்தால்தான் ரிபு ஆக முடியும். பெலுமுட்டுக்கும் வடக்கே உள்ள உயர்ந்த மலைகளுக்கும் இடையே இருப்பது லேக்கும் கெல்சாலும் கடந்த அதே செம்புரோங் தாழ்நிலம். கிழக்கே ஓடும் நீரும் மேற்கே ஓடும் நீரும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பிரிகின்றன. மிகத் தாழ்ந்த இடம்தான், ஆனாலும் பத்து மீட்டருக்கு மேல். மயிரிழையில் பெலுமுட் தவறிவிட்டது. குளுவாங் உறவினர் வருத்தப்பட வேண்டாம். உயரத்தில் முந்தும் பெரிய மலைகள் பல, தனி எழுச்சியில் பெலுமுட்டுக்குப் பின்னால்தான் நிற்கும்.

இப்படி எல்லைக்கோட்டில் தவிக்கும் மலைகள் எங்கும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் மலைகளை வகைப்படுத்துவதே பலருக்கு ஒரு பித்து. அங்கே 2,000 அடி இருந்தால்தான் மலை என்பது வழக்கமான கணக்கு. 'மினித் கிரேக் கோக்' என்ற குன்றுக்கு வரைபடத்தில் அதற்கு ஓரிரு அடி குறைவாகப் போட்டிருந்தது. 2008-இல் ஆர்வலர் மூவர் செயற்கைக்கோள் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறி அளந்தார்கள். வந்தது 609.75 மீட்டர். 2,000 அடியைவிட அரை அடி அதிகம். ஒரு சாண் அளவில் குன்று மலையாயிற்று! 2018-இல் அதே வேல்ஸில் 'ஃபான் எ பிக்' என்ற மலை, உயரம் இருந்தும், தனி எழுச்சி 30 மீட்டருக்குச் சற்றுக் குறைந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மலை அதே மலைதான். ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குவதும் அதேதான்.

தனி எழுச்சி என்ற பெயர் புதிது. அதைக் கண்ணால் அறிந்தவர்கள் பழைய மாலுமிகள். தமிழகக் கரையிலிருந்து கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு முதலில் தெரிந்தது ஜெராய். கடலோரத்தில் தனித்து எழுந்த மலை ஆயிற்றே. மலாக்கா நீரிணையில் வந்தவர்களுக்கு அடையாளம் லேடாங். 1,276 மீட்டர் உச்சி, கணக்கின்படி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வரை கடலில் தெரியக்கூடும். உள்நாட்டுக் காட்டுக்குள் கிடந்த தாஹான் அப்படி யார் கண்ணிலும் படவில்லை. பலர் முயன்று திரும்பிய பிறகு, 1905-இல்தான் மலாய்க்காரர் நால்வர் அதன் உச்சியில் கால் வைத்தார்கள். கப்பல்காரனுக்கு லேடாங்கைவிடப் பெரிய மலை ஒன்று இருக்க முடியாது என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. லேடாங் இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம், மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் கேட்டாள் என்ற கதையை நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் படிக்கிறார்கள். மலாக்காவிலிருந்து நாள்தோறும் கண்ணுக்குத் தெரிந்த மலை என்பதால்தானே அந்தக் கதையும் பிறந்தது?

முன்பு பெயரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நியாயம் உண்டு என்றோமே, அது இதுதான். பரங்கிமலையை மலை என்றும், குளுவாங் மக்கள் லம்பாக்கைக் குனோங் என்றும் அழைத்தது, சுற்றியிருக்கும் நிலத்திலிருந்து அது எழுந்து நின்ற அழகைப் பார்த்து.

கடைசியாக ஒன்று. பண்பலை வானொலி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. நடுவில் வேறு மலை மறைத்தால் அப்பால் போய்ச் சேருவது கடினம். ஆகவே கோபுரம் நிறுத்த இடம் தேடிய பொறியியலாளர்களும் பழைய மாலுமியைப் போலவே, சுற்றிலும் மறைப்பில்லாமல் தனித்து எழுந்த மலைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே லேடாங்கின் மேலும் தெற்கே புலாய் மலையின் மேலும் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. மழை மேகம் இல்லாத இரவில் தங்காக் பக்கமிருந்து பாருங்கள். லேடாங்கின் மேலே ஒரு சிவப்பு விளக்கு தெரியும்.